காய்ச்சலே இல்லாத மலேரியாவ வீட்டுல எப்படி பிடிக்குறது, எப்படி முடிக்குறது

ஜூன்ல மழை பிடிச்சுதுன்னா அக்டோபர் வரைக்கும் எங்க லேப்ல டீ குடிக்க கூட கை ஒழியாது. நான் மும்பைல சயான் பக்கம் ஒரு சின்ன லேப்ல டெக்னீஷியன், பதினெட்டு வருஷமா மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சுதான் பொழப்பு, வீடு தாராவி 90 ஃபீட் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. தெருவுல யாருக்கு காய்ச்சல்னாலும் ரிப்போர்ட்ட தூக்கிட்டு என்கிட்ட தான் வருவாங்க, "தம்பி இத கொஞ்சம் பாத்து சொல்லு"ன்னு. பாதி பேருக்கு தெரிய வேண்டியது பிளேட்லெட் எத்தனைங்குறது மட்டும் தான். மலேரியா வரிய பாத்தாலும் நெகட்டிவ்னு நெனச்சு மடிச்சு வச்சுடுவாங்க. அந்த வரிய நல்லா படிச்சு பாருங்க, நாங்க இல்லன்னு எழுதுறது கெடையாது, "மலேரியா பேராசைட் நாட் சீன்"னு தான் எழுதுவோம். தேடுனோம், கண்ணுல படல. அவ்ளோதான் அதுக்கு அர்த்தம்.

போன வருஷம் எங்க வீட்டுலயே நடந்தத சொல்லிட்டு மேல போறேன். என் மச்சான் டெம்போ ஓட்டுறான், ஜூன் கடைசில அவனுக்கு வைவாக்ஸ்ங்குற வகை மலேரியா, மூணு நாள் குளோரோகுயின் போட்டான், காய்ச்சல் விட்டுச்சு, கூட குடுத்த பதினாலு நாள் பிரைமாக்வின்ல அஞ்சு போட்டுட்டு வயிறு வலிக்குதுன்னு நிறுத்திட்டான், என்கிட்ட சொல்லவும் இல்ல. அக்டோபர்ல அவன் சின்ன பையனுக்கு குளிர் காய்ச்சல், கார்டு டெஸ்ட்ல (ஒரு சொட்டு ரத்தம் விட்டு கோடு விழுதான்னு பாக்குறது) வைவாக்ஸ். சரின்னு வீட்டுல அஞ்சு பேர் ரத்தத்தையும் எடுத்தேன். மச்சான் சிரிக்குறான், "எனக்கு என்ன மாமா, காலைல தான் நாலு சிலிண்டர் ஏத்துனேன்"ங்குறான். உடம்பு சூடு 98.4. அவன் ஸ்லைட நூறு ஃபீல்டு, அதாவது மைக்ரோஸ்கோப்புல ஒரு தடவைக்கு தெரியுற வட்டம் நூறு, பாத்தேன், ஒண்ணுமில்ல. மனசு கேக்காம இன்னொரு நூறு போனேன், நூத்தி நாப்பதுக்கு மேல ஒரு மூலைல பழுப்பு பொடி தூவுன மாதிரி ஒரு உருண்டை நீல உருவம், கேமிட்டோசைட், கொசுவுக்கு தொத்துற ஆண் பெண் வடிவ கிருமி. அப்புறம் தேடி தேடி இன்னும் மூணு. காய்ச்சல் இல்ல, அசதி கூட இல்ல, ஆனா கொசுவுக்கு குடுக்க வேண்டியது ரத்தத்துல ரெடியா நிக்குது. பையனுக்கு அப்பன்கிட்ட இருந்து தான் வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, தெருவுல வேற யாராச்சும் கூட இருந்திருக்கலாம். ஆனா அன்னைக்கு நான் வழக்கம் போல நூறோட நிறுத்தியிருந்தா "நாட் சீன்"னு தான் எழுதியிருப்பேன்.

மொதல்ல ஒரு கணக்கு, இது புரிஞ்சா மத்தது எல்லாம் புரியும்

தடிமனான ஸ்மியர்ல (ஸ்லைடுல தடவுன ரத்தம்) நூறு ஃபீல்டு பாத்தா நான் பாத்தது கால் மைக்ரோலிட்டர் ரத்தம், ஒரு சொட்டுல இருநூறுல ஒரு பங்குன்னு வச்சுக்கோங்க. கொசு ஒரு தடவ உக்காந்தா ரெண்டு மூணு மைக்ரோலிட்டர் குடிக்கும். அதாவது நான் பாக்குறத விட பத்து மடங்கு ரத்தம் கொசு வயித்துக்குள்ள போகுது. அதுல ஒரு ஆண் கேமிட்டோசைட், ஒரு பெண் கேமிட்டோசைட் இருந்தா போதும், கொசுவோட வயித்துல ஜோடி சேர்ந்துடும். எனக்கு கிடைக்காதது கொசுவுக்கு கிடைக்கும்.

கூட்டமான லேப்ல ஒரு மைக்ரோலிட்டருக்கு கிருமி அம்பதுக்கு கீழ போனா ஸ்லைடுல தவறுறது சகஜம், கார்டு டெஸ்ட் இன்னும் கொஞ்சம் மந்தம், நூறு இருநூறு இருந்தா தான் கோடு தெளிவா விழும். சரி, பத்து தான் இருக்குன்னு வைங்க, கம்மி தானேன்னு தோணும். பெரிய ஆளுக்கு அஞ்சு லிட்டர் ரத்தம், பெருக்கி பாருங்க, உடம்பு முழுக்க அஞ்சு கோடி கிருமி, ஆளு பாட்டுக்கு வடாபாவ் தின்னுட்டு வேலைக்கு போயிட்டு இருப்பான்.

இதுல நேர்மையா ஒண்ணு சொல்லணும், கம்மியா கிருமி இருக்குற ஆள கடிக்குற ஒவ்வொரு கொசுவுக்கும் தொத்திடாது, நெறய கிருமி இருக்குறவங்க கிட்ட தான் வாய்ப்பு அதிகம். ஆனா காய்ச்சல்காரன் ரெண்டு நாள்ல டாக்டர்கிட்ட போயிடுறான், காய்ச்சல் இல்லாதவன் மாசக்கணக்குல அப்படியே சுத்துறான், மழை சீசன் முழுக்க ராத்திரி ராத்திரி கடி வாங்குறான். உகாண்டால நாகோங்கெரான்னு ஒரு ஊர்ல இத அளந்தே பாத்தாங்க, கொசு மருந்து நல்லா அடிச்சு, காய்ச்சல் வந்தவங்களுக்கு உடனுக்குடன் வைத்தியம் பண்ண இடம், அங்க கொசுவுக்கு கிருமி குடுத்ததுல காய்ச்சல்காரங்க பங்கு நூத்துல ஒண்ணு கூட தேறல, மிச்சம் எல்லாம் அறிகுறி இல்லாதவங்க, அதுலயும் பள்ளிக்கூட வயசு பசங்க தான் பாதிக்கு மேல. மும்பை உகாண்டா இல்ல, அங்க ஃபால்சிபேரம்ங்குற இன்னொரு வகை மலேரியா, இங்க வைவாக்ஸும் கலந்து வருது, அந்த நம்பர இங்க அப்படியே ஒட்ட முடியாது. ஆனா காய்ச்சல் வந்தவங்கள மட்டும் பாத்தா பத்தாதுங்குறது ரெண்டு ஊருக்கும் பொது. நம்ம நாட்டுலயே ஒடிசால 2017-ல இருந்து எட்டாத மலை கிராமங்கள்ல கேம்ப் போட்டு, காய்ச்சல் இருக்கோ இல்லையோ எல்லார் ரத்தத்தையும் எடுத்து, பாசிட்டிவ் வந்தவங்களுக்கு மருந்து, கூட கொசுவலையும் குடுத்தாங்க. 2017-ல 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல இருந்த கேஸு 2018-ல 70 ஆயிரத்துக்குள்ள வந்துச்சு.

யாரெல்லாம் இப்படி சத்தமில்லாம சுமக்குறாங்க

ஒண்ணு, பல தடவ மலேரியா வந்து உடம்பு பழகிப்போனவங்க. கிருமிய முழுசா விரட்ட முடியாது, ஆனா அடக்கி வைக்கும். மலேரியா அதிகமா இருக்குற ஜில்லால இருந்து கட்டட வேலைக்கு வர்றவங்க நெறய பேரு இப்படி. இத சொன்ன உடனே "அவங்கனால தான் எல்லாம்"னு கிளம்பிடாதீங்க, சைட்ல தண்ணிய தேக்கி வச்சு, வலை இல்லாத ஷெட்டுல படுக்க வைக்குறது யாருன்னு அதையும் கேக்கணும்.

ரெண்டாவது என் மச்சான் கூட்டம், வைவாக்ஸ். இந்த கிருமி கல்லீரல்ல போய் தூங்கும், சில வாரம் கழிச்சோ சில மாசம் கழிச்சோ, ஒரு வருஷம் கூட ஆகலாம், எழும்பி ரத்தத்துக்கு வரும். குளோரோகுயின் ரத்தத்துல இருக்குறத தான் கொல்லும், தூங்குறதுக்கு பிரைமாக்வின் வேணும். வைவாக்ஸ்ல கேமிட்டோசைட் சீக்கிரமே வந்துடுறதால காய்ச்சல் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே கூட கொசுவுக்கு ஏறிடும். இன்னொரு விஷயம், 2021-ல இந்தோனேசியாவோட பப்புவால மண்ணீரல் ஆபரேஷன் பண்ணவங்கள ஆராய்ஞ்சு பாத்தா, அறிகுறியே இல்லாதவங்களுக்கு கிருமில பெரும்பகுதி மண்ணீரல்ல தான் ஒளிஞ்சு இருந்துச்சாம், விரல் நுனி ரத்தத்துல கொசுறு தான். எங்களுக்கு ஸ்லைடுல ஏன் கிடைக்க மாட்டேங்குதுன்னு அத படிச்ச அன்னைக்கு தான் ஒறச்சுது.

மூணாவது, ஃபால்சிபேரத்துக்கு வைத்தியம் முடிச்சு நல்லா ஆனவங்க. இதோட கேமிட்டோசைட் வாழைப்பழ வடிவத்துல இருக்கும், வழக்கமா குடுக்குற மலேரியா மருந்து அத லேசுல கொல்லாது, அதுக்குன்னே பிரைமாக்வின் ஒரே ஒரு டோஸ் குடுப்பாங்க. நோயாளிக்கு அதனால எந்த வித்தியாசமும் தெரியாது, அது முழுக்க பக்கத்து வீட்டுக்காரனுக்காக போடுற மாத்திரை. அதனாலயே மறந்துடுறாங்க.

ஏன் யாரும் கண்டுபிடிக்குறது இல்லன்னா, இன்னைக்கு ஒருத்தர கடிச்ச கொசு அடுத்தவனுக்கு குடுக்க பத்து பன்னெண்டு நாள் ஆகும், அவனுக்கு காய்ச்சல் வர இன்னொரு ரெண்டு வாரம். ஒரு மாசம் கழிச்சு மாடில ஒரு புள்ள படுக்கும்போது கீழ் வீட்டு ஆள யாரு யோசிப்பா.

ரத்தம் எடுக்கும்போது

வீட்டுல ஒருத்தருக்கு பாசிட்டிவ்னா வீட்டுல எல்லாருக்கும் எடுங்க, நல்லா இருக்குறவங்களுக்கும். முனிசிபல் டிஸ்பென்சரில காசு கெடையாது, முனிசிபாலிட்டியோட சின்ன கிளினிக் ஆப்லா தவாகானாலயும் கேட்டு பாக்கலாம். யாருக்கு எப்ப மலேரியா வந்துச்சு, எந்த மாத்திரைய பாதில விட்டாங்க, கடைசி மூணு நாலு மாசத்துல எந்த ஊருக்கு போனாங்க, இந்த மூணையும் ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டு போங்க, டாக்டர் கேக்குற நேரத்துல ஞாபகம் வராது. சில பேரு குளிர் அடிக்கும்போது தான் ரத்தம் எடுக்கணும்னு காத்துட்டு இருக்காங்க, அப்படி எல்லாம் வேண்டாம், எப்ப வேணாலும் எடுக்கலாம். ஆனா மாத்திரை போடுறதுக்கு முன்னாடி எடுக்கணும். மெடிக்கல்ல கேட்டு ஏதோ ரெண்டு குளோரோகுயின் முழுங்கிட்டு வந்தா கிருமி இன்னும் கொறஞ்சு போய், என் கண்ணுக்கு சுத்தமா அகப்படாது, ஆனா நோய் போயிருக்காது.

காய்ச்சல் இருந்து மொதல் ஸ்லைடு "நாட் சீன்"னா அன்னைக்கே விட்டுடாதீங்க, பன்னெண்டு மணி நேரம், இருபத்திநாலு மணி நேரம் கழிச்சு திரும்ப, ரெண்டு மூணு தடவ. என் தப்பையும் சொல்லிடுறேன், நாலஞ்சு வருஷம் முன்னாடி ஜூலைல ஒரு நாள் எம்பது ஸ்லைடு குவிஞ்சு கெடந்துச்சு, ஒரு அம்மாவோடத நாப்பது ஃபீல்டு பாத்துட்டு தள்ளி விட்டேன், நாலாவது நாள் அவங்கள தூக்கிட்டு வந்தாங்க, ஃபால்சிபேரம். பொழச்சுட்டாங்க. அதுல இருந்து என்ன கூட்டம்னாலும் நூறு எண்ணாம கை எழுத்து போடுறதில்ல. நீங்களும் கேளுங்க, "ஸ்மியரும் கார்டும் ரெண்டும் பாத்தீங்களா"ன்னு, எவனும் கோவிச்சுக்க மாட்டான். கோவிச்சா வேற லேபுக்கு போங்க.

ஃபால்சிபேரம் சரியானதுக்கு அப்புறம் கார்டுல சில வாரம் கோடு விழும், செத்த கிருமியோட புரதம் ரத்தத்துல மிச்சம் இருக்குறதால. அத பாத்து பயந்து மறுபடி மருந்து ஆரம்பிக்காதீங்க, ஸ்லைடு பாக்க சொல்லுங்க. அதே மாதிரி எல்லாருக்கும் பிசிஆர், அதாவது கிருமியோட மரபணுவ தேடுற டெஸ்ட், பண்ணுங்கன்னு சில பேர் சொல்றாங்க, ஒரு மைக்ரோலிட்டர்ல ஒண்ணு ரெண்டு இருந்தா கூட அது பிடிக்கும், உண்மை தான், ஆனா குடும்பத்துல ஆறு பேருக்கு அந்த செலவு நம்ம ஏரியால யாருக்கு கட்டும், அந்த காசுக்கு டாங்கிக்கு மூடி போட்டுடலாம். நெகட்டிவ் வந்தவங்களுக்கு "எதுக்கும் இருக்கட்டும்"னு நீங்களா மாத்திரை குடுக்குறதும் வேண்டாம்.

பதினாலு நாள் மாத்திரைய முடிக்குறது

மலேரியா வைத்தியத்துல கஷ்டமான பகுதி இது தான், ஏன்னா மூணாவது நாளே உடம்பு நல்லா ஆயிடுது, நல்லா இருக்குறவனுக்கு மாத்திரை எதுக்கு. எங்க வீட்டுல இப்ப பண்றது, டெய்லி கிழிக்குற காலண்டர் ஒண்ணு எல்லார் வீட்டுலயும் தொங்குது இல்ல, ஸ்ட்ரிப்ப கத்திரிச்சு ஒவ்வொரு மாத்திரையா ஒவ்வொரு தேதி தாள்லயும் ஸ்டேப்ளர் அடிச்சுட வேண்டியது, மாத்திரை மேல படாம ஓரத்துல. காலைல ராசிபலன் பாக்க போற எங்க அத்தை தாள கிழிக்கும்போது மாத்திரை கைல வந்துடும், "ஏலே, இன்னைக்கு உள்ளத முழுங்கிட்டு போ"ன்னு ஒரு சத்தம். மச்சான் ரெண்டாவது தடவ பதினாலும் முடிச்சது இப்படி தான்.

வெறும் வயித்துல போட்டா வயிறு வலிக்கலாம், இட்லியோ சப்பாத்தியோ தின்னுட்டு போடணும். மூத்திரம் கோக்கோ கோலா கலர்ல, கடுங்காப்பி கலர்ல போச்சுன்னாலோ கண்ணு மஞ்சளா ஆனாலோ உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட ஓடணும், ஜி6பிடின்னு ஒரு என்சைம் சில பேருக்கு பிறப்புலயே கம்மி, அவங்களுக்கு இந்த மாத்திரை ரத்த சிவப்பணுவ உடைச்சுடும். அதனால ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஜி6பிடி டெஸ்ட் வேணுமான்னு டாக்டர கேட்டுடுங்க. கர்ப்பமா இருக்குறவங்களுக்கும் ஒரு வயசு ஆகாத குழந்தைக்கும் பிரைமாக்வின் கூடாது, கைக்குழந்தைக்கு பால் குடுக்குறவங்க அத சொல்லி கேக்கணும். டோஸ் எடைய பொறுத்தது, அண்ணனுக்கு எழுதுனத தம்பிக்கு குடுக்காதீங்க. பப்பாளி இலை சாறு குடிக்குறவங்க குடிங்க, நான் சண்டைக்கு வரல, ஆனா கல்லீரல்ல தூங்குற கிருமிக்கு அது கேக்காது.

வலைய யாருக்கு கட்டணும்

நம்ம வீட்டுல வலை இருந்தா குழந்தைக்கு கட்டுவோம், சரி தான். ஆனா மாத்திரை போட்டுட்டு இருக்குற பெரிய ஆளையும் வலைக்குள்ள படுக்க வைங்க. அவன கொசு கடிக்காம பாத்துக்குறதுக்கு இல்ல, கொசுவுக்கு அவன்கிட்ட இருந்து ஏறாம பாத்துக்குறதுக்கு. மலேரியா கொசு ராத்திரில கடிக்குறது, பகல்ல கடிக்குறது டெங்கு கொசு, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. பத்துக்கு பத்து ரூம்ல ஆறு பேரு, எங்க வலை கட்டன்னு கேப்பீங்க, எனக்கும் அதே நெலம தான், நாலு ஆணில கயிறு கட்டி ராத்திரி இறக்கி காலைல சுருட்டி மேல போடுற மாதிரி பண்ணிருக்கேன். லாஃப்ட்ல படுக்குறவனுக்கு ஃபேன் காத்து போதும்னு விட்டுடாதீங்க.

டாங்கி, டிரம், மொட்டை மாடி

மும்பைல மலேரியாவ பரப்புற கொசு அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சி. சாக்கடைல வளராது, இத எத்தன தடவ சொன்னாலும் ஜனங்க நாலாவ, அதான் சாக்கடை ஓடைய தான் கை காட்டுவாங்க. இதுக்கு சுத்தமான தண்ணி வேணும், மாடி டாங்கி, குடிக்க பிடிச்சு வச்ச டிரம், கிணறு, கட்டடம் கட்டுற எடத்துல தேங்குன தண்ணி. இது இன்னைக்கு நேத்து தெரிஞ்ச சங்கதி இல்ல, 1911-லயே பென்ட்லின்னு ஒரு வெள்ளக்கார டாக்டர் பம்பாய் மலேரியாவ ஆராய்ஞ்சு வீட்டு கிணறுகள் தான் காரணம்னு ரிப்போர்ட் குடுத்தாரு, மூட சொன்னதும் கிணறு எங்களுக்கு புனிதம்னு பார்சிக்காரங்க கிட்ட இருந்து எதிர்ப்பு. கிணறு போய் இப்ப சின்டெக்ஸ் டாங்கி வந்திருக்கு, கொசு அதே கொசு.

ஞாயித்துக்கிழம காலைல டார்ச்ச எடுத்துட்டு மேல ஏறுங்க. மூடி இறுக்கமா இருக்கா, விரிசல் இருக்கா, ஓவர்ஃப்ளோ பைப்பு வாய்ல வலை கட்டிருக்கா, இவ்ளோதான் பாக்கணும். முனிசிபாலிட்டி பூச்சி டிபார்ட்மென்ட் ஆளு வந்தா ஏறி பாக்க ஏணி இருக்கணும், இல்லன்னா அவங்க கீழ இருந்தே திரும்பிடுவாங்க, அப்புறம் சொசைட்டிக்கு நோட்டீஸ். டார்ச் அடிச்சா புழு ஓடும், தண்ணி மட்டத்துக்கு படுத்த வாக்குல மெதக்குச்சுன்னா அது மலேரியா கொசு புழு, தலைகீழா சாஞ்சு தொங்குச்சுன்னா மத்த கொசு. முட்டைல இருந்து கொசு ஆகுறதுக்கு ஒரு வாரம் பத்து நாள், அதனால டிரம்ம வாரம் ஒரு தடவ காலி பண்ணி உள்ள தேச்சு கழுவி காய விட்டா போதும். சும்மா கொட்டிட்டு ரொப்புனா பத்தாது, முட்டை செவுத்துல ஒட்டிருக்குறது டெங்கு கொசுவோடது, அதையும் சேத்து முடிச்ச மாதிரி ஆகும். தண்ணி காலைல ரெண்டு மணி நேரம் தான் வருது, காலி பண்ண மனசு வராது, தெரியும். அப்ப பழைய வேட்டித்துணிய ரெட்டையா மடிச்சு வாய்ல இறுக்கி கட்டுங்க, துணி தொங்கி தண்ணில படக்கூடாது.

"புகார் ஹை க்யா?"

வீடு வீடா வர்ற ஹெல்த் தாயி, அதான் சுகாதார வேலை பாக்குற அக்கா, கேக்குறது இது ஒண்ணு தான், காய்ச்சல் இருக்கான்னு. நாம "நஹி நஹி"ன்னு கதவ சாத்திடுறோம். பக்கத்துல கேஸ் வந்து ரத்தம் எடுக்க வந்தாலும் "நாங்க நல்லா தான இருக்கோம்"னு அனுப்பி விடுறவங்க தான் ஜாஸ்தி, கை விரல்ல ஒரு குத்து, அதுக்கு என்னமோ கிட்னிய கேட்ட மாதிரி. காய்ச்சல் இல்லன்னாலும் போன மழைக்கு மலேரியா வந்துச்சு, மாத்திரைய பாதில விட்டோம்னு இருந்தா அத சொல்லி ரத்தம் குடுத்துடுங்க. மலேரியா வந்து சரியானதுக்கு அப்புறம் மூணு மாசத்துக்கு ரத்த தானம் பண்ண கூடாது, கேம்ப்ல கேக்கும்போது மறைக்காதீங்க.

ஊர்க்காரங்களுக்கு இன்னொண்ணு. மலேரியா சீசன் முடியுற நேரம் தான் குலசை (குலசேகரப்பட்டினம்) தசரா, நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல நம்ம ஆளுங்க மொத்தமா கிளம்புவோம். பதினாலு நாள்ல ஆறு நாள் தான் ஆயிருக்குன்னா மிச்ச எட்டையும் காலண்டர் தாளோட கிழிச்சு பர்ஸ்ல வச்சுக்கோங்க, பெரிய பெட்டில வச்சா அது சீட்டுக்கு அடில போயிடும், ஊர் போய் தான் கைல கிடைக்கும். ஊர்ல போய் வேஷம் கட்டி ராத்திரி பூரா திறந்த வெளில இருக்குறவங்க மொதல்ல மாத்திரைய முடிச்சுட்டு போக பாருங்க, அங்கயும் கொசு இருக்கு. திரும்பி வந்து ரெண்டு மாசத்துக்குள்ள லேசா குளிர் எடுத்தாலும், ஏன் வெறும் அசதின்னாலும், டாக்டர்கிட்ட மொதல்ல சொல்ல வேண்டியது பழைய மலேரியாவ தான். மச்சான் இந்த வருஷம் காளி வேஷம், நான் ஆகஸ்டுலயே ஒரு தடவ அவன் விரல குத்தியாச்சு, இருநூறு ஃபீல்டு, நாட் சீன். கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ குத்துவேன்னு சொல்லி வச்சிருக்கேன்.